உன் மாமா பெண் காஞ்சனா

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஐப்பசி மாதம், 1991

சிரஞ்சீவி சம்பத்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாகப் போர்த்திக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் நீ போட்ட கடிதம் தீபாவளி கழிந்துதான் கைக்கு வந்தது, ஜாம்ஷெட்பூரிலிருந்து நடந்தே வந்திருக்கும் போல. இங்கே மழை விட்டபாடில்லை. கொல்லைச் சுவர் பாதி சரிந்துவிட்டது, மீதியும் சரிந்தால் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று அப்பா காத்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி அதிகம், ஆனாலும் விடியற்காலையில் கோயிலில் பாசுரம் சொல்கிற கோஷ்டிக்குப் போவதை நிறுத்தவில்லை, நான் சொன்னால் கேட்கிற மனிதரா அவர். மெஸ் சாப்பாட்டில் கடுகெண்ணெய் வாடை தாங்கவில்லை என்று எழுதியிருந்தாயே, கறியை ஒதுக்கிவிட்டுச் சாதத்தில் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடு, வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தங்கை காஞ்சனாவின் ஜாதகத்தை உடனே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். உன் ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளை, மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம், பாரத்வாஜ கோத்திரம், நமக்கும் இடிக்கவில்லை மாமாவுக்கும் இடிக்கவில்லை, நின்றுபோன நிச்சயதார்த்தத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜயா, உன் பிள்ளை கெட்டிக்காரன்டி" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். நானும் ஜாதகத்தை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி உறையில் போட்டுவிட்டேன். பசை தடவும்போதுதான் உறைத்தது, இதை அனுப்ப நான் யார். பதில் வந்தால் யார் பெயருக்கு வரும், பெண் பார்க்க வந்தால் எந்த அகத்துக்கு வருவார்கள், தாரை வார்த்துக் கொடுப்பது யார். எல்லாம் ராஜபாளையத்தில் அல்லவா இருக்கிறது. அதனால் முந்தாநாள் பஸ் ஏறி ராஜபாளையம் போய் வந்தேன். போன காரியம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று உனக்குப் புரிய வேண்டுமானால் தை மாதத்திலிருந்து நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா அதையெல்லாம் உனக்கு இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டார். அவர் எப்போதும் தந்தி கொடுக்கிற மாதிரிதான் கடிதம் எழுதுவார்.

கண்ணபிரானை உனக்குத் தெரியும், வடக்குத் தெருக்காரன், ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் வேலை. காஞ்சனாவுக்கும் அதே ஊரில் பள்ளிக்கூட உத்தியோகம், ஒரே பஸ், ஒரே நேரம், அப்படி ஏற்பட்ட பழக்கம். நல்ல பிள்ளை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஜாதகம் பார்த்தால் எல்லாப் பொருத்தமும் இருக்கிறது, ஆனால் அவர்களும் வாதூல கோத்திரம், நாமும் வாதூல கோத்திரம். எந்தக் காலத்திலோ காட்டில் தவம் பண்ணிய ஒரு ரிஷியின் வம்சமாம் இரண்டு குடும்பமும், அதனால் இவர்கள் அண்ணன் தங்கையாம், கல்யாணம் கூடாதாம். நமக்கும் அவர்களுக்கும் தெரிந்த வரையில் ஒரு சாவுத் தீட்டுகூடக் கிடையாது. இருந்தாலும் அண்ணன் தங்கை. சரி, விட்டுவிடுவோம் என்றுதான் நான் சொன்னேன். பெண் சரியாகச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போய் வருவதைப் பார்த்துப் பொறுக்காமல் அப்பாதான் நம் அகத்துக்குப் புரோகிதம் பார்க்கிற வாத்தியாரிடம் போய் நின்றார். வாத்தியார் வழி சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை வேறு கோத்திரத்துத் தம்பதிக்குத் தத்துக் கொடுத்துவிட்டால் அவளுக்கு அந்தக் கோத்திரம் வந்துவிடும், அவர்களே உட்கார்ந்து கன்னிகாதானம் பண்ணிக் கொடுக்கலாம், ஒரு காலைப்பொழுது காரியம், ஹோமம், தளிகை, முடிந்தது என்றார். "அப்புறமும் உங்க பொண்ணு உங்க பொண்ணுதான் மாமி, சும்மா சாஸ்திரத்துக்கு" என்று என்னிடம் வேறு சொன்னார். கண்ணபிரானின் அப்பாவும் அப்படியே செய்யுங்கள் என்றார். வேறு கோத்திரத்துக்கு எங்கே அலைவது, என் தம்பி சக்ரபாணி இருக்கிறான், நான் பிறந்த அகம் கௌசிக கோத்திரம், அவனுக்கும் கோதைநாயகிக்கும் குழந்தை இல்லை.

தை மாதத்தில் ராஜபாளையத்தில் அவன் அகத்திலேயே நடந்தது. "கொடுத்தேன்" என்று அப்பா சொன்னார், "வாங்கிக்கொண்டேன்" என்று சக்ரபாணி சொன்னான். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வாத்தியார். இருபத்தேழு வயதுக் குழந்தை! எல்லோரும் சிரித்தோம், காஞ்சனாவும் சிரித்துக்கொண்டே பேருக்குக் கோதையின் மடி நுனியில் உட்கார்ந்தாள். கோதை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அவளை இறுக்கிக்கொண்டாள். உச்சி முகர வேண்டும் என்றதும் முகர்ந்தாள், போதும் எழுந்திருக்கலாம் என்று வாத்தியார் சொன்ன பிறகும் விடவில்லை, அவள் கண்ணில் ஜலம் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பாவம், குழந்தை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டு பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போய்விட்டேன்.

மாசியில் நிச்சயதார்த்தம். கௌசிக கோத்திரத்து இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, சக்ரபாணியின் குமாரத்தி காஞ்சனா என்று வாத்தியார் வாசிக்க ஆரம்பித்தார். உன் அப்பா பெயர் அதில் எங்கேயும் கிடையாது. அவர் வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றார், அந்தச் சபையில் அவர் பெண்ணுக்கு அத்திம்பேர், அத்தை புருஷன். பேத்தி என்கிற இடத்தில் என் அப்பா பெயர் வந்தது, அவர் மாத்திரம் எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத் தாத்தாவாகவே இருந்துவிட்டார். வாசித்து முடிக்கவில்லை, பிள்ளையின் பெரியப்பா என்று திருக்குறுங்குடியிலிருந்து வந்திருந்தவர் எழுந்து நின்றார். "தத்துக் கொடுத்துட்டா பொறந்த கோத்ரம் போயிடுமா? தத்துப் போனவளுக்கு ரெண்டு கோத்ரமும் ஆகாது. இந்தக் கல்யாணம் நடந்தா நான் இந்த ஆத்துல தீர்த்தம்கூட வாங்க மாட்டேன்" என்றார். அவருக்கும் வாத்தியாருக்கும் சமஸ்கிருதத்தில் பெரிய வாக்குவாதம், நமக்கென்ன புரிகிறது. நாங்கள் எல்லோரும் கண்ணபிரானைப் பார்த்தோம். காஞ்சனா உள் அறை நிலைப்படியில் நின்றுகொண்டு அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை, பெரியப்பா செத்த உட்காருங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்ன இருக்கிறது, மூன்று இறக்கைதானே. தட்டு மாற்றாமலே எழுந்து போனார்கள். ஆவணியில் அவனுக்குக் கும்பகோணத்துப் பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது, ஸ்ரீவத்ஸ கோத்திரமாம், நம் தெரு வழியாகத்தான் நாயனத்தோடு அழைத்துப் போனார்கள். நான் வாசலைச் சாத்திவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்யாணம் போனால் போகிறது, போன தத்து திரும்பவில்லையே. வாத்தியாரிடம் போய், சும்மா சாஸ்திரத்துக்கு என்று சொன்னீரே, அதே சாஸ்திரத்துக்குத் திருப்பி வாங்கிக் கொடும் என்று கேட்டேன். "கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கற மந்திரம் கிடையாது மாமி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆகக் கூடி இப்போது அவளை வாதூலத்தில் கொடுக்கக் கூடாது, பிறந்த கோத்திரம். கௌசிகத்திலும் கொடுக்கக் கூடாது, போன கோத்திரம். முன்னே ஒன்றுதான் தடை, இப்போது இரண்டு. தென்திருப்பேரையிலிருந்து ஒரு நல்ல ஜாதகம் வந்தது, வாதூலம். திருவெள்ளறையிலிருந்து ஒன்று, கௌசிகம். இரண்டும் இல்லாதவர்கள் வந்தால், ஏன் தத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள், காரணத்தைச் சொன்னால் யோசித்துச் சொல்கிறோம் என்று போகிறார்கள், யோசிக்கிறவர்கள் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். மற்றப் பெண்களுக்குக் கல்யாணத்தில்தான் கோத்திரம் மாறும். இவளுக்குத் தாலியும் இல்லை, புருஷனும் இல்லை, மாமியாரும் இல்லை, கோத்திரம் மாத்திரம் மாறி அகத்தைவிட்டுப் போய்விட்டாள்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பதா அழுவதா என்று நீயே பார். சக்ரபாணி அவளுக்கு அப்பா என்றால் அவன் அக்கா நான் அவளுக்கு யார், அத்தை. நீ யார், அத்தை பிள்ளை. அப்பாவோடு கோஷ்டியில் நிற்கிற ஒரு பெரிய மனுஷர், பெயரை எழுத மாட்டேன், என்னை வழியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சம்பத்துக்கு வெளியில பொண்ணு தேடுவானேன், காஞ்சனா இப்போ அவனுக்கு மாமா பொண்ணுன்னா" என்றார். கையில் துளசிப் பிரசாதம் இருந்ததால் பேசாமல் வந்தேன். கூடப் பிறந்தவள் உனக்கு முறைப்பெண், எங்கேயோ பிறந்த கண்ணபிரான் அவளுக்கு அண்ணன். இதுதான் ரிஷிகள் போட்ட கணக்கு என்றால் அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன், அபசாரம் என்று காதைப் பொத்திக்கொண்டார். பால் ஊற்ற வருகிறாளே வன்னியம்பட்டி மாடத்தி, அவளுக்கும் விஷயம் எட்டிவிட்டது. "எங்க பக்கமும் ஒரே குலசாமியக் கும்பிட்டா பங்காளிதாம்மா, பொண்ணு குடுக்க மாட்டாக, அம்புட்டுத்தான். அதுக்காவப் பெத்த பிள்ளைய யாராச்சும் தூக்கிக் குடுத்துட்டு வருவாகளா?" என்று கேட்டாள். பாலில் தண்ணீர் ஊற்றுகிறாயே, அதை முதலில் நிறுத்து என்று அவள் மேல் பாய்ந்தேன். மறுநாளிலிருந்து பால் கெட்டியாக வருகிறது, அவள்தான் பேசுவதில்லை.

அப்பாவுக்கு வேறு கவலை. புரட்டாசியில் அவருக்கு ஒரு நாள் நெஞ்சு அடைத்துக்கொண்டது, பயப்படாதே, வாயு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் வாத்தியாரிடம், நான் போனால் காஞ்சனாவுக்கு எத்தனை நாள் தீட்டு என்று கேட்டிருக்கிறார். மூன்று நாள் என்றாராம். சக்ரபாணி போனால் பத்து நாள், பெற்றவருக்கு மூன்று. அன்றைக்கு ராத்திரி தளிகை பண்ணினதை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காரணம் கேட்டால் பசியில்லை என்றார். எனக்கும் அதே மூன்று நாள்தானே, நான் சாப்பிட்டேன், யாராவது சாப்பிட வேண்டாமா.

இப்போது முந்தாநாள் விஷயம். நிச்சயதார்த்தம் நின்றதும் கோதை வந்து, கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும், அந்தப் பையன் போகிற பஸ்ஸில் இவள் தினமும் ஏற வேண்டாம், பள்ளிக்கூடம் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்று அழைத்துப் போனாள். நியாயமாகத்தான் பட்டது. முதலில் சனி ஞாயிறு வந்துகொண்டிருந்தாள். பிறகு ஞாயிறு மாத்திரம். பிறகு பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். தீபாவளிக்கு வரவில்லை, சக்ரபாணிதான் பட்சணம் கொண்டுவந்து கொடுத்தான், அப்பா அவளுக்கு எடுத்து வைத்த புடவையை அவனிடமே கொடுத்து அனுப்பினோம். நான் போனபோது சக்ரபாணி மருந்துக் கடையில் இருந்தான். நீ எழுதிய வரன் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, "நான் என்ன அக்கா சொல்றது, கோதையைக் கேளு" என்றான். கோதையிடம் போனேன். வாங்கோ அக்கா என்று மணை போட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஒரு தடவை நாலு பேர் நடுவில உட்கார வச்சு ரிஷி பேர் சொல்லி அனுப்பிச்சுட்டா. அதுக்கப்புறம் அவ ராத்திரி எப்படித் தூங்கினாள்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை என் பொண்ணை அப்படி உட்கார வைக்க மாட்டேன்" என்றாள். என் பொண்ணு என்கிறாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அவளை நன்றாகத் திட்டிவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். நான் பெயருக்குக் கொடுத்ததை அவள் நிஜமாக வாங்கிக்கொண்டாள், அவளைச் சொல்லி என்ன.

பள்ளிக்கூடம் விட்டுக் காஞ்சனா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். உள்ளே போய்க் கோதையிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு நம் அகத்தில் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குக் காப்பி கொண்டுவந்தாள், விருந்தாளிகளுக்கு எடுக்கிற வெள்ளி டம்ளரில். உன் கடிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள், நீ எழுதியிருந்ததற்கு உன்மேல் கோபமில்லை, அண்ணாவுக்கு என் நமஸ்காரத்தை எழுது என்றாள். பாரத்வாஜம், இரண்டுக்கும் இடிக்கவில்லை என்றேன். "பொறந்ததுல ஒண்ணு, தத்துல ஒண்ணு, கல்யாணம்னு மூணாவதா ஒண்ணா? ஒரு பொண்ணுக்கு எத்தனை ரிஷி வேணும்?" என்றாள். கண்ணபிரானை நினைத்துக்கொண்டா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன். "இல்லை. வேண்டாம்னு சொல்ல அவருக்கு ஒரு ரிஷி கெடைச்சார். நாளைக்கு இன்னொருத்தருக்கு இன்னொருத்தர் கெடைப்பார். நான் எழுந்து எழுந்து எத்தனை தரம் உட்காரறது? இங்கே என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லலை" என்றாள். அழுதால் சமாதானம் சொல்லலாம், கோபித்தால் பதிலுக்குக் கோபிக்கலாம். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், அதற்கு நான் என்ன செய்ய.

பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. அங்கே பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி, ராஜுக்கள் வீட்டுப் பெண்மணி, கடைக்கு வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள். "எவரு காஞ்சனா இவிய, ஊர்ல இருந்து வந்திருக்காகளா?" என்று கேட்டாள். காஞ்சனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து வந்திருக்கா" என்றாள். குத்திக்காட்டவில்லை சம்பத், அவள் முகத்தை நான் பார்த்தேன், ஒரு துளி வன்மம் கிடையாது. உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முகம் ஒண்ணுபோல இருக்கே" என்றாள். "எங்கப்பாவோட அக்கா, இருக்காதா பின்னே" என்றாள் உன் தங்கை. ஆமாம் என்று நானும் தலையை ஆட்டினேன். அப்போது பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நனையாமல் போங்கோ என்று கீழே நின்று சொன்னாள். அகத்துக்கு வந்ததும் அப்பா, சாப்பிடுகிறாளா என்று மாத்திரம் கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அவளுக்குக் கோபமாக எதுவும் எழுதாதே, கோதைக்கும் எழுதாதே. தங்கைக்கு முடியட்டும், பிறகு எனக்குப் பார்க்கலாம் என்று நீ இத்தனை நாள் தள்ளிப்போட்டாய், இனிமேல் அந்தச் சாக்கு வேண்டாம். உனக்கும் முப்பத்தொன்று ஆகிறது. அங்கேயே யாரையாவது உனக்குப் பிடித்திருந்தால் எழுது, கோத்திரம் என்ன என்று எழுத வேண்டாம், நான் கேட்கப்போவதில்லை, அப்பா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பிள்ளையின் அப்பா அங்கே பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார், நல்ல மனிதர்களைக் காக்க வைப்பது தப்பு. தயவுசெய்து மன்னிக்க வேண்டும், எங்கள் அகத்தில் கல்யாணத்துக்குப் பெண் இல்லை என்று நாளைக்கே சொல்லிவிடு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜயலக்ஷ்மி